தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்: இறந்த நண்பனின் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று நாள் ரயிலில்

துப்பறியும் கேம்களில் பெரும்பாலும் இறந்தவர் ஒரு சாக்குதான். பிணம் கிடக்கும், சுற்றிலும் தடயம் கிடக்கும், ஆடுபவர் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். செத்துப்போனவருக்காக யாரும் ஒரு நிமிடம்கூட வருந்த மாட்டார்கள். 1997இல் வந்த தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ் இந்த இடத்தில்தான் விலகி நிற்கிறது. இதில் இறந்தவன் கதாநாயகனின் உயிர் நண்பன். அழுவதற்கு அவனுக்கு நேரம் கிடையாது. நேரம் கிடையாது என்பதைக் கதை வாயால் சொல்வதில்லை, ஓடும் ஒரு கடிகாரத்தால் உணர்த்துகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இதை எடுத்து ஆட அந்தக் கடிகாரம் ஒன்றே போதும்.

1914 ஜூலை 24, மாலை 7:14. பாரிஸின் கார் த லெஸ்ட் நிலையத்திலிருந்து ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் புறப்படுகிறது. ராபர்ட் காத் என்ற இளம் அமெரிக்க மருத்துவர், பக்கத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து தாவி ரயிலில் தொற்றிக்கொள்கிறார். போலீஸ் அவரைத் தேடுகிறது. பழைய நண்பன் டைலர் விட்னி அவசரமாக வரச் சொல்லியிருக்கிறான், ஏன் என்று தெரியாது. பெட்டிக் கதவைத் திறந்தால் டைலர் தரையில் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறான். ரயில் கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) அடைவது ஜூலை 27 மாலை 7:30 மணிக்கு. அதற்கு மறுநாள் ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது, முதல் உலகப் போர் அதில்தான் தொடங்கியது. ரயிலில் இருக்கும் யாருக்கும் அது தெரியாது, ஆடுகிற நமக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் யார் எதைப் பேசினாலும் அந்தத் தேதி பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

முதல் பத்து நிமிடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இந்த கேமின் மனம் புரிந்துவிடும். (கதையின் ரகசியம் எதுவும் கெடாது, இது வெறும் வாசற்படிதான்.) டைலரைத் தூக்கியதுமே ராபர்ட்டின் கோட்டில் ரத்தம் ஒட்டிக்கொள்கிறது. அதே கோட்டோடு நடைவழிக்குப் போனால் கண்டக்டர் பார்ப்பார், அதோடு கதை முடியும். ஆகவே டைலரின் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தது பிணம். தரையில் விட்டுவிட்டால் கண்டக்டர் கண்ணில் படும். படுக்கைக்குள் மறைப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும், ஆனால் இரவானால் படுக்கையை விரித்துக் கொடுப்பது அதே கண்டக்டரின் வேலை. மிச்சமிருப்பது ஜன்னல். கண்ணாடியை இறக்கி, சிநேகிதனின் உடலை ஓடும் ரயிலிலிருந்து இருட்டுக்குள் தள்ள வேண்டும்.

ஒரு பிரார்த்தனை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. தள்ளிவிட்டுத் திரும்பினால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே போலீஸ் ரயிலில் ஏறிச் சோதனை போடும், அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பிறகு ராபர்ட் சாப்பாட்டுப் பெட்டிக்குப் போனால், டைலரை நேரில் பார்த்திராத ஒருவர் அவரையே டைலர் என்று நம்பிப் பேச்சுக் கொடுக்கிறார். செத்தவனின் கோட்டு, செத்தவனின் படுக்கை, செத்தவனின் பெயர். துக்கத்தைக் காட்ட ஒரு சொட்டுக் கண்ணீரும் வசனமும் இல்லாமல் இதைச் செய்த கேம் அரிது.

இப்போது கடிகாரம். கேமுக்குள் நேரம் நிஜ நேரத்தைப்போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடுகிறது, அதாவது நம் ஒரு நிமிடம் ரயிலில் ஆறு நிமிடம். புறப்பட்டதிலிருந்து போய்ச் சேரும் வரை கணக்குப் பார்த்தால் 72 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அதை ஆறால் வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம். ராபர்ட் தூங்கும் பகுதிகள் தாவிப் போய்விடுவதால் அசல் ஓட்டம் அதைவிடக் குறைவு, ஆனால் பின்னோக்கிப் போய்ப் போய் ஆடுவதால் மொத்தத்தில் கூடிவிடும். ரயிலில் ஏறக்குறைய முப்பது பேர். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாம் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜெர்மன் ஆயுத வியாபாரி ஆகஸ்ட் ஷ்மிட் சாப்பிட உட்காரும்போது நீங்கள் வேறு பெட்டியில் இருந்தால் அந்த உரையாடல் போனது போனதுதான். கிழ ரஷ்யக் கவுன்ட் (பிரபு) வசிலி, அவரது பேத்தி ததியானா, அவளோடு சிறுவயதில் பழகிய புரட்சிக்காரன் அலெக்ஸெய், இந்த மூவரின் கதை மட்டும் தனி நாடகமாக ஒரு ஓரத்தில் நடந்து முடிகிறது. கவனிக்காமல் கேமையே முடித்துவிடலாம். கவனித்தவர்களுக்கு அது நெஞ்சை அறுக்கும்.

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பெரிய பிழை, வேட்டையாடும் மனநிலையோடு நுழைவது. கதவு கதவாகத் தட்டி, எதையாவது எடுத்து, எதோடாவது சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கண்டக்டர் பிடித்துத் திருப்பி அனுப்புவார், நேரம் போகும், ஒன்றும் நடக்காது, சலிப்பு வரும். இது காதால் ஆட வேண்டிய கேம். சாப்பாட்டுப் பெட்டியில் ஒரு மேசையைப் பிடித்து உட்காருங்கள், பக்கத்து மேசைப் பேச்சு தானாக வந்து விழும். அதை ஒட்டியே புகைபிடிக்கும் கூடம், அங்கே ஆண்கள் வாய் திறப்பார்கள். நடைவழியில் யாராவது இருவர் நின்று பேசினால் அவர்களைத் தாண்டிப் போகாமல் நில்லுங்கள். மூடிய கதவுக்கு வெளியே நின்றாலும் காதில் விழும். ஹெட்போன் கட்டாயம் என்றே சொல்லலாம். சக்கரச் சத்தத்துக்கு நடுவே ஒரு பெட்டிக்குள்ளிருந்து வரும் வயலின் ஒலிகூட எங்கே யார் இருக்கிறார்கள் என்பதற்குத் தடயம்.

ரயிலின் வரிசையை மனதில் பதித்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரி வண்டி, அப்புறம் சரக்குப் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி, சிவப்பு படுக்கைப் பெட்டி, பச்சை படுக்கைப் பெட்டி, அதற்கும் பின்னால் குரோனோஸ் என்ற செல்வந்தரின் சொந்தப் பெட்டி, கடைசியில் இன்னொரு சரக்குப் பெட்டி. பச்சையில் அறைகளுக்கு 1 முதல் 8 வரை எண்கள், சிவப்பில் ஏ முதல் ஹெச் வரை எழுத்துகள். டைலரின் அறை பச்சைப் பெட்டியில் 1. ஒவ்வொரு படுக்கைப் பெட்டிக்கும் ஒரு கண்டக்டர் நடைவழிக் கோடியில் உட்கார்ந்திருப்பார். அவர் இருக்கையை விட்டு எழும் நேரம்தான் அடுத்தவர் அறைக்குள் நுழைய வாய்ப்பு. அவர் எழுவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், யாரோ மணி அடித்திருப்பார்கள், படுக்கை போட வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தைக் கவனிப்பதே இங்கே புதிர். சில சமயம் ஜன்னலுக்கு வெளியே தொற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவதும் வழி.

நகர்வதில் ஒரு சங்கடம் உண்டு. இது நாம் விருப்பப்படி சுற்றித் திரியும் முப்பரிமாண உலகமல்ல, ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு படம் மாறும். நடைவழியில் திரும்பும்போது எந்தப் பக்கம் எஞ்சின், எந்தப் பக்கம் வால் என்று குழம்பிவிடும். அறை எண்ணைப் பார்த்துத் திசை பிடித்துக்கொள்வதைப் பழக்கமாக்கினால் முதல் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். பழகாதவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே கைவிடுகிறார்கள், அது வருத்தமான விஷயம்.

சேவ் செய்யும் முறை தனி ரகம். நாமாக சேவ் செய்ய முடியாது, தேவையும் இல்லை. முட்டை வடிவில் வெவ்வேறு நிறத்தில் ஆறு இடங்கள் இருக்கும். வீட்டில் ஆறு பேர் ஆடினால் ஆளுக்கொன்று. கதையில் தோற்றாலோ செத்தாலோ, இன்னும் திருத்திக்கொள்ள வாய்ப்புள்ள ஒரு நேரத்துக்குக் கடிகாரம் தானே பின்னால் போய் நிற்கும். நாமே முள்ளைத் திருப்பியும் போகலாம், பாரிஸ், ஸ்ட்ராஸ்பர்க், மியூனிக், வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று ஊர் ஊராகவும் போகலாம். ஒரே எச்சரிக்கை: பின்னால் போய்ப் பார்த்துவிட்டு ஆடாமல் பழைய இடத்துக்கே திரும்பலாம், ஆனால் பின்னால் போன இடத்திலிருந்து ஆட ஆரம்பித்துவிட்டால் அதற்கப்புறம் நடந்தவை அழிந்துவிடும். எதிலாவது சிக்கிக்கொண்டால் பாரிஸ் வரை ஓட வேண்டாம். கடைசியாகத் தூங்கி எழுந்த நேரத்துக்குப் போய், அன்று எந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்பதை மட்டும் மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தவறிப்போவது பொருள் அல்ல, ஒரு உரையாடல். அது நடந்த நேரத்தில் நாம் வேறெங்கோ இருந்திருப்போம்.

ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்தையும் ஆளையும் குறித்துக்கொண்டே ஆடுவது நல்ல பலன் தரும். யார் எத்தனை மணிக்கு அறையைப் பூட்டிக்கொண்டு போனார், யாரோடு உட்கார்ந்தார் என்று நான்கைந்து வரி போதும். இரண்டாம் நாள் காலையில் அந்தக் காகிதம் வழிகாட்டி நூலைவிட உதவும்.

மொழி விஷயத்தில் இவர்கள் எடுத்த முடிவைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ரஷ்யர்கள் ரஷ்ய மொழியில், ஜெர்மானியர்கள் ஜெர்மனில், பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சில், செர்பியர்கள் செர்பிய மொழியில் பேசுகிறார்கள். ராபர்ட்டுக்குத் தெரிந்த மொழியாக இருந்தால் மட்டும் ஆங்கில சப்டைட்டில் வரும். அவருக்குப் புரியாதது நமக்கும் புரியாது. செர்பியர்களின் அறை வாசலில் நின்று, குரல் உயர்வதையும் அடங்குவதையும் மட்டும் வைத்து நிலைமையை ஊகிக்கும்போது வரும் தவிப்பு, அந்நிய ஊரில் மொழி தெரியாமல் நின்றவர்களுக்கு நன்றாகப் புரியும். சப்டைட்டில் வேகமாகப் போவதால், ஆங்கிலம் மெதுவாக வாசிப்பவர்களுக்குச் சில வரிகள் நழுவும். கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளித் திரும்பக் கேட்பது ஒன்றே பரிகாரம்.

கேமின் உச்சம் சண்டையிலோ துரத்தலிலோ இல்லை, ஒரு கச்சேரியில் இருக்கிறது. குரோனோஸின் பெட்டியில் அவர் பியானோ வாசிக்க, ஆஸ்திரிய வயலின் கலைஞர் அன்னா வுல்ஃப் வயலின் வாசிக்கிறார். இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்க் 1886இல் இந்த இரண்டு கருவிகளுக்கும் எழுதிய ஏ மேஜர் சொனாட்டா. பயணிகள் பலர் அங்கே கூடியிருக்கிறார்கள். நீங்களும் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்கலாம், இசை தடையின்றி ஓடும். ஆனால் இத்தனை பேர் ஒரே அறையில் இருக்கிறார்கள் என்றால் மற்ற அறைகள் காலியாக இருக்கின்றன என்று பொருள். எழுந்துபோக மனம் வராது, போகாமலும் இருக்க முடியாது. ஒரு கேம் தன் ஆட்டக்காரரை இப்படி இருதலைக்கொள்ளி எறும்பாக்கிய தருணங்கள் அதிகமில்லை. முதல் முறை முழுதும் கேளுங்கள், பிறகு கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

சண்டைகள் அப்படியல்ல, பலவீனமான பகுதி. எதிரி கத்தியை ஓங்கும்போது மவுஸ் குறி மாறும், அந்த நொடியில் சரியான பக்கம் கிளிக் செய்து விலக வேண்டும், சந்தர்ப்பம் பார்த்துத் திருப்பி அடிக்க வேண்டும். எந்த அசைவுக்கு எந்தப் பக்கம் என்பதைச் செத்துச் செத்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது. தோற்றால் சண்டைக்குச் சற்று முன்பே போய் நிற்பதால் பெரிய இழப்பில்லை. அவசரப்பட்டுக் கிளிக்கிக்கொண்டே இருந்தால் கண்டிப்பாகத் தோற்பீர்கள்; முதல் இரண்டு வீச்சுகளில் அடிக்கப் பார்க்காமல் விலக மட்டும் செய்யுங்கள்.

படத்தின் தோற்றம் வேறெதையும் போலில்லை. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா என்ற கேமை 1989இல் உருவாக்கிய ஜோர்டன் மெக்னர்தான் இதற்கும் மூலவர். சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மோக்கிங் கார் புரொடக்ஷன்ஸ் என்று ஒரு நிறுவனமே தொடங்கினார். உடையும் ஒப்பனையும் போட்ட நடிகர்களைப் படம்பிடித்து, அந்தக் காலத்து ஆர் நூவோ சுவரொட்டிகளைப் போலக் கறுப்புக் கோடும் தட்டை வண்ணமுமாக மாற்றியிருக்கிறார்கள். உரையாடல் காட்சிகளில் அசைவு தொடர்ச்சியாக இருக்காது, ஒரு நிலைப்படம் கரைந்து இன்னொன்றாகும். முதலில் விசித்திரமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் அதுவே சரி என்று தோன்றிவிடும். ரயிலை வரைய அந்தக் காலத்துப் படுக்கைப் பெட்டி ஒன்றை ஏதென்ஸில் தேடிப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த உழைப்பு மரப் பலகையிலும் பித்தளைக் கைப்பிடியிலும் தெரிகிறது. எலியா ஸ்மிராலின் பின்னணி இசை தேவைப்படும் இடத்தில் மட்டும் வந்து போகிறது.

இவ்வளவும் இருந்து கேம் ஏன் விற்கவில்லை? வெளியீட்டாளரான பிராடர்பண்டின் விளம்பரப் பிரிவினர் வெளியீட்டுக்குச் சற்று முன் வேலையை விட்டுப் போனார்கள், விளம்பரமே இல்லாமல் மூன்று சிடியாகக் கடைக்கு வந்தது. சுமார் 50 லட்சம் டாலர் செலவழித்த கேம் ஏறக்குறைய 1 லட்சம் பிரதிகளோடு நின்றது. பிளேஸ்டேஷன் பதிப்பும் பாதியில் கைவிடப்பட்டது.

குறைகளையும் மறைக்க வேண்டாம். நேரத்தை ஓட்டிவிட வசதி இல்லாததால், அடுத்த நிகழ்வு வரும் வரை சும்மா நடக்க வேண்டிய இடங்கள் உண்டு. பின்பாதியில் ராபர்ட்டுக்கும் அன்னாவுக்கும் இடையே வளரும் காதல் அவசரமாக இருக்கிறது. நண்பனை இழந்து இரண்டு நாள்கூட ஆகாதவனுக்கு அது பொருந்தவில்லை. துருக்கிக்குப் போகும் அந்தப்புரப் பெண்களையும், குரோனோஸின் மெய்க்காப்பாளர் கஹீனாவையும் ஐரோப்பியக் கண்ணாடி வழியாகவே வரைந்திருக்கிறார்கள். ரஷ்யக் கவுன்டுக்குக் கொடுத்த ஆழத்தில் கால்வாசிகூட இவர்களுக்குக் கிடைக்கவில்லை. கொலை மர்மத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இன்னொன்று: எல்லோரையும் கூடத்தில் கூட்டிவைத்து யாரும் விளக்கம் சொல்ல மாட்டார்கள். டைலரைக் கொன்றது எது என்பதற்கான விடை நாமே கூட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டியது, அது எல்லோருக்கும் திருப்தி தராது. முடிவுகள் பல உண்டு, பெரும்பாலானவை தோல்விகள், கதை உண்மையில் போக நினைத்த முடிவு ஒன்றுதான்.

வாங்குவதானால் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் 2013 முதல் இருக்கும் கோல்ட் எடிஷன் இன்றைய விண்டோஸில் சிரமமில்லாமல் ஓடும். அதில் குறிப்பு தரும் வசதி இருக்கிறது. மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆகும் வரை அதைத் தொடாதீர்கள், தொட்டால் காது கொடுக்கும் பழக்கம் போய்விடும். படம் 640க்கு 480 அளவில் வரையப்பட்டது, பெரிய திரையில் முழுதாக இழுத்தால் கோடுகள் மங்கும். பதினான்கு அங்குல லேப்டாப்பே இதற்குப் பொருத்தம். 2012இல் ஐபோன், ஐபேடுக்கும் வந்தது, ஆனால் சின்னத் திரையில் விரலால் சண்டை போடுவது கஷ்டம். வன்முறையும் ரத்தமும் உண்டு, குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு ஆடத் தக்கதல்ல.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் என்று துண்டு துண்டாக ஆட வேண்டாம், யார் யாரோடு என்ன பகை என்பது மறந்துபோகும். வார இறுதியில் இரண்டு மாலைகளை ஒதுக்குங்கள். முதல் மாலை வியன்னா வரை, இரண்டாவது மாலை கான்ஸ்டான்டிநோபிள் வரை. பெல்கிரேடைத் தாண்டிய பிறகு ரயிலின் சூழ்நிலை அடியோடு மாறும், அங்கே எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஆகவே பெல்கிரேடுக்கு முன்பே கையில் உள்ள பொருள்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் திரும்பிப் போக அதுதான் நல்ல இடம்.